மாரடைப்புக்குப் பின் வரும் வெள்ளணுக்கள்

மாரடைப்பில் செத்துப்போகும் இதயத் தசை மறுபடி வளர்வதில்லை. இதயத் தமனி ஒன்று அடைபட்டு, சில மணி நேரத்துக்குள் திறக்கப்படாமல் போனால், இடது கீழறையில் உள்ள சில நூறு கோடித் தசைச் செல்களில் நூறு கோடி வரை மடிந்துவிடும். புதிய செல்கள் பிறக்கும் வேகமோ மிகக் குறைவு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்து இதயச் செல்களின் வயதைக் கணக்கிட்ட சுவீடன் ஆய்வாளர்கள், 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் செல்களே புதிதாகின்றன, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை என்று 2009இல் காட்டினார்கள். ஆகவே இழந்த தசையின் இடத்துக்கு வருவது வடுதான். செத்த தசையை அப்புறப்படுத்துவது, வடு கட்டும் செல்களை வேலைக்கு அழைப்பது, வேலை முடிந்ததும் அவற்றை நிறுத்துவது ஆகிய மூன்றும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பொறுப்பு. அது பாதியில் கைவிட்டால் இதயச் சுவர் மெலிந்து உப்பும். சில சமயம் கிழியும். வேலை முடிந்தும் ஓயாமல் இருந்தால் மிச்சமிருக்கும் நல்ல தசைக்குள்ளும் நார் படியும். எந்த வழியில் போனாலும் சேருமிடம் இதயச் செயலிழப்பு. மருத்துவத்துக்கு இது பிடிபட ஏறக்குறைய நூறு ஆண்டு ஆயிற்று. இடையில் வெள்ளணுக்களைக் கண்ட கண்ணோட்டம் பலமுறை மாறியது. ஒவ்வொரு மாற்றமும் நோயாளிகளின் உடம்பில்தான் சோதிக்கப்பட்டது.

வெள்ளணுக்கள் எதற்காக ஓடி வருகின்றன என்ற கேள்விக்கு முதல் நல்ல விடை கடற்கரையில் கிடைத்தது. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தபோது நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கும் இந்தச் செல்கள் உடலின் காவல் என்றும், அழற்சி என்பது நோயின் கேடு அல்ல, உடல் தன்னைச் சீர்செய்துகொள்ளும் முயற்சி என்றும் அவர் வாதிட்டார். 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முள்ளில் கிருமி எதுவும் தேவைப்படவில்லை, காயமே போதும் என்பது அந்தச் சோதனைக்குள்ளேயே இருந்தது. ஆனால் அடுத்த பல பத்தாண்டுகள் நோய் எதிர்ப்பியல் முழுக்கக் கிருமிகளின் பின்னால் போனது. இதயத்தைப் பற்றி அங்கே யாரும் யோசிக்கவில்லை.

மாரடைப்பு என்ற நோயே அப்போது உயிருள்ளவர்களிடம் கண்டுபிடிக்கப்படும் நோயாக இல்லை. இதயத் தமனி திடீரென அடைபட்டால் உடனடிச் சாவு என்பதே பொதுவான நம்பிக்கை. 1912இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், அடைப்பு ஏற்பட்ட பிறகும் சிலர் நாட்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட வாழ்கிறார்கள் என்று எழுதினார். பிழைத்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் பிறந்தது. ஹெரிக் சொன்ன வழி படுக்கை ஓய்வு. இதயத் தசைப் பொருட்கள் ரத்தத்தில் கசிவதை அளக்கும் சோதனை 1954இல்தான் வந்தது. அதுவரை ஈசிஜியோடு, வலி வந்த மறுநாள் ஏறும் லேசான காய்ச்சல், ரத்தத்தில் கூடும் வெள்ளணு எண்ணிக்கை, சிவப்பணு படியும் வேகம் ஆகியவையே மருத்துவருக்குத் துணை. மூன்றுமே அழற்சியின் அடையாளங்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் இயங்குவதன் சான்றுகள். மருத்துவர்கள் அவற்றை அறிகுறியாக மட்டும் பார்த்தார்கள். அவை என்ன வேலை செய்கின்றன என்று கேட்கவில்லை.

1939இல் பாஸ்டன் நகரின் நோய்க்கூறியலாளர் கென்னத் மல்லரியும் இதய மருத்துவர் பால் டட்லி வைட்டும் இன்னொருவருடன் சேர்ந்து 72 பேரின் இதயங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்து சில மணி நேரத்தில் இறந்தவர் முதல் பல மாதம் கழித்து இறந்தவர் வரை அதில் இருந்தார்கள். மெல்லிய சீவல்களாக அறுத்துச் சாயமேற்றிய தசையை நாள்வாரியாக அடுக்கியபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. முதல் நாளிலேயே நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் செத்த தசைக்குள் நுழைகின்றன. நான்காம் நாள்வாக்கில் அவை உச்சத்தைத் தொடுகின்றன. அதற்குள் விளிம்பிலிருந்து பெருவிழுங்கணுக்கள் உள்ளே வந்து, தசை நார்களை ஒவ்வொன்றாகத் தின்று குழியாக்குகின்றன. இரண்டாம் வாரத்தில் கொலாஜன் இழைகள் தென்படத் தொடங்குகின்றன. பெரிய காயமாக இருந்தால் உறுதியான வடுவாக இறுக இரண்டு மாதம் ஆகிறது. சட்ட மருத்துவத் துறையில் இறந்தவரின் மாரடைப்பு எத்தனை நாள் பழையது என்று கணிக்க இன்றும் ஏறத்தாழ இதே வரிசைதான் பயன்படுகிறது.

வெள்ளணுக்கள் இங்கே வெறும் கடிகாரம். ஆனால் அந்தக் கடிகாரம் ஒரு வழக்கத்துக்கு அறிவியல் முத்திரை கொடுத்தது. வடு இறுகும் முன் நோயாளி எழுந்தால் மெலிந்த சுவர் கிழிந்துவிடும் என்ற பயத்தில் ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல், படுக்கை விதிக்கப்பட்டது. சோறு ஊட்டுவது, முகம் மழிப்பது, புரண்டு படுக்க வைப்பது எல்லாம் செவிலியர் வேலை. 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு வந்தபோது ஆலோசகராக அழைக்கப்பட்டவர் இதே பால் டட்லி வைட். அதிபர் ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்தார். அசையாமல் கிடந்தவர்களின் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் உயிரை வாங்கியது தனிக் கதை. சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் 1952இலேயே நோயாளிகளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, அதனால் யாரும் சாகவில்லை என்று காட்டியிருந்தார்கள். வழக்கம் முற்றாக ஒழிய இன்னும் இருபது, முப்பது ஆண்டு ஆயிற்று.

ஐசனோவர் வீடு திரும்பிய அடுத்த ஆண்டில், அழற்சி வெறும் அடையாளம் மட்டுமல்ல என்பதைச் சொல்லும் இரண்டு சிறு கட்டுரைகள் வந்தன. முதலாவது, வியன்னாவில் பயின்று நியூயார்க்குக்குக் குடியேறிய வில்லியம் டிரெஸ்லர் எழுதியது. புரூக்ளினில் அவர் பார்த்த சில நோயாளிகளுக்கு, மாரடைப்பிலிருந்து தேறி வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தியது. இதயத்தைச் சுற்றிய உறையில் நீர் கோத்தது. இரண்டாவது மாரடைப்பு என்று நினைத்து ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து கொடுத்தால் உறைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து இருந்தது. ஸ்டீராய்டு கொடுத்தால் சட்டென்று தணிந்தது. நிறுத்தினால் சிலருக்குத் திரும்பி வந்தது. செத்த தசையிலிருந்து வெளிப்பட்ட பொருட்களுக்கு எதிராக உடலே கிளர்ந்தெழுகிறது என்று டிரெஸ்லர் ஊகித்தார். அடைப்பை உடனே திறக்கும் சிகிச்சை வந்தபின் அவர் பெயர் தாங்கிய இந்த நோய் அரிதாகிவிட்டது. மற்றொரு கட்டுரை, சி-ரியாக்டிவ் புரதம் எனப்படும் அழற்சிப் புரதம் இதயச் செயலிழப்பு நோயாளிகளின் ரத்தத்திலும் இருப்பதைப் பதிவு செய்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் யூஜின் பிரான்வால்ட்; பிற்பாடு அமெரிக்க இதய மருத்துவத்தின் தலைமைப் பெயரானவர். 1956இல் அந்தக் கட்டுரையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1970களில் மனநிலை மாறியது. மாரடைப்பின் அளவு விதிக்கப்பட்டதல்ல, சிகிச்சையால் அதைச் சுருக்க முடியும் என்ற எண்ணத்தை பிரான்வால்டின் குழு முன்வைத்தது. வெள்ளணுக்கள் செத்ததோடு சேர்த்து உயிரோடிருக்கும் தசையையும் கரைக்கின்றன என்றால் அவற்றை அடக்குவதே வழி. கையில் இருந்த வலுவான ஆயுதம் ஸ்டீராய்டு. 1973இல் நாய்களின் இதயத் தமனியைக் கட்டி ஸ்டீராய்டு கொடுத்தபோது சேதம் குறைந்தது. மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

விளைவு முதலில் பிணவறையில் தெரிந்தது. 1974இல் பெர்னடின் பல்க்லியும் வில்லியம் ராபர்ட்ஸும், மாரடைப்பின்போது ஸ்டீராய்டு பெற்றவர்களின் காயம் ஆறத் தாமதமாவதையும் சுவர் பலூன்போல் புடைப்பதையும் விவரித்தார்கள். 1976இல் வேறொரு குழு, மெதில்பிரெட்னிசலோன் பெற்ற நோயாளிகளுக்குச் சேதம் பெருகியதாகவும் இதயத் துடிப்புக் கோளாறுகள் கூடியதாகவும் சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து எலிகளில் செய்த ஆய்வு காரணத்தைக் கண்ணுக்கு முன்னால் காட்டியது. அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்த எலிகளின் இதயத்தில், மூன்று வாரம் கழித்தும் செத்த தசை நார்கள் கரையாமல் அப்படியே கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்த வேண்டிய செல்கள் வரவேயில்லை. ஆய்வாளர்கள் அந்தத் தசையை எகிப்திய மம்மிகளின் பெயரால் அழைத்தார்கள். செத்தது நீங்காத இடத்தில் வடு எங்கே கட்டும்? இந்தோமெத்தசின், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் விலங்குகளின் வடுவை மெலிய வைக்கின்றன என்பது 1980களின் தொடக்கத்தில் தெரிந்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரினைத் தவிர இவ்வகை மாத்திரை வேண்டாம் என்று இன்று மருத்துவர் சொல்வதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் ஸ்டீராய்டின்மேல் விழுந்த பழி சான்றுகள் தாங்கும் அளவைவிடப் பெரியது. பழைய சோதனைகள் அனைத்தையும் 2003இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பெற்றவர்களிடம் சாவு கூடியிருக்கவில்லை. அதற்குள் அந்த மருந்தைத் தொட இதய மருத்துவர்களுக்கு மனம் வராத நிலை நிலைத்துவிட்டிருந்தது.

ஸ்டீராய்டு எல்லா வெள்ளணுக்களையும் ஒருசேர அமுக்குவதால்தான் சிக்கல், ஒரு வகையை மட்டும் குறிவைத்தால் சரியாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. 1983இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெனடிக்ட் லுக்கெசியின் குழு, நாய்களின் ரத்தத்தில் நியூட்ரோஃபில்களைக் குறைத்துவிட்டுத் தமனியை அடைத்துத் திறந்தது. சேதம் கணிசமாகக் குறைந்தது. அந்தக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு இருக்க முடியாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துகள் மருத்துவமனைக்குள் வந்துகொண்டிருந்தன. 1986இல் இத்தாலியில் 11,806 நோயாளிகளிடம் நடந்த சோதனை, ஸ்ட்ரெப்டோகைனேஸ் உயிர் காக்கிறது என்று நிறுவியது. தமனி திறந்ததும் பாயும் ரத்தம் ஆக்சிஜனோடு நியூட்ரோஃபில்களையும் கொண்டுவந்து கொட்டுகிறது. அவற்றைத் தடுத்துவிட்டால் திறந்த பலன் முழுதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நியூட்ரோஃபில் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டுவதைத் தடுக்கும் எதிர்ப்புரதங்கள் 2000ஆம் ஆண்டையொட்டி மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன. பலனில்லை. காம்ப்ளிமென்ட் என்னும் ரத்தப் புரதத் தொடரைத் தடுக்கும் பெக்செலிசுமாப் 5,745 பேரிடம் சோதிக்கப்பட்டு 2007இல் முடிவு வந்தது. போலி மருந்து பெற்றவர்களுக்கும் உண்மை மருந்து பெற்றவர்களுக்கும் இறப்பில் வித்தியாசமில்லை.

நாய்க்குப் பலித்தது மனிதருக்கு ஏன் பலிக்கவில்லை என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ஆய்வகத்து நாய் இளமையானது. அதன் தமனி சுத்தமானது. அடைத்த நேரமும் திறந்த நேரமும் ஆய்வாளர் கையில். நோயாளியோ சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் கொண்ட அறுபது வயதுக்காரர். வலி தொடங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. 2017இல் வந்த ஒரு விளக்கம் இவை எல்லாவற்றையும்விடச் சங்கடமானது. நியூட்ரோஃபில்களை அறவே நீக்கிய சுண்டெலிகளின் இதயம் மாரடைப்புக்குப் பின் இன்னும் மோசமாயிற்று. நார் அதிகம் படிந்தது. பின்னால் வரும் பெருவிழுங்கணுக்களைச் சீரமைப்பு வேலைக்குத் திருப்பிவிடுவதும் நியூட்ரோஃபில்களின் வேலைதான் என்று தெரிந்தது.

இதற்கிடையே இதயச் செயலிழப்பு பற்றிய புரிதலும் மாறிக்கொண்டிருந்தது. அடைப்பைத் திறந்து உயிர் பிழைத்தவர்கள் பெருகப் பெருக, சில ஆண்டு கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு, கால் வீங்கித் திரும்பி வருபவர்களும் பெருகினார்கள். மார்க் பெஃபர், ஜானிஸ் பெஃபர் இணையர், மாரடைப்பு வந்த எலிகளின் இடது கீழறை வாரக்கணக்கில் விரிந்து உருமாறுவதைத் தொடர்ந்து அளந்தார்கள். அந்த உருமாற்றத்தைக் கேப்டோபிரில் மருந்து தணிக்கும் என்று அவர்கள் காட்டியது, 1992இல் 2,231 நோயாளிகளிடம் உறுதியாயிற்று. இறப்பு 19 சதவீதம் குறைந்தது. ரத்த அழுத்தமும் சுரப்பிகளும் சார்ந்த இந்த விளக்கம் வெற்றி பெற்றதால், அழற்சி மறுபடி ஓரங்கட்டப்பட்டது.

1990இல் மில்டன் பாக்கர் உள்ளிட்ட நியூயார்க் மருத்துவர்கள், முற்றிய இதயச் செயலிழப்பில் உடல் வற்றி எலும்பும் தோலுமாகிப் போனவர்களின் ரத்தத்தில் அழற்சிச் செய்தியைக் கடத்தும் டிஎன்எஃப் என்னும் சைட்டோகைன் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். புற்றுநோயில் உடலை வற்றவைக்கும் பொருளாக ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது அது. ஹூஸ்டனில் டக்ளஸ் மானும் பிறரும், டிஎன்எஃப் இதயத் தசையின் சுருங்கும் வலுவைக் குறைத்து அறையை விரியச் செய்வதைச் சோதனைகளில் காட்டினார்கள். மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் ஊசிகள் வந்துவிட்டிருந்தன. இதயத்துக்கும் போட்டுப் பார்ப்பதுதான் பாக்கி. எடனர்செப்ட் மருந்தின் இரண்டு பெரிய சோதனைகள் பலனில்லை என்று 2001இல் பாதியில் நிறுத்தப்பட்டன. 150 பேரிடம் நடந்த இன்ஃப்ளிக்சிமாப் சோதனையில் நிலைமை அதைவிட மோசம். அதிக அளவு பெற்றவர்களில் சாவும், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதும் கூடின. முடக்குவாதத்துக்கு இந்த ஊசியைப் போடும் மருத்துவர், இதயச் செயலிழப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டே போட வேண்டும் என்ற எச்சரிக்கை அப்போது வந்ததுதான். டிஎன்எஃபுக்கு இரண்டு ஏற்பிகள் உண்டு. ஒன்றின் வழியாகக் கேடும் மற்றொன்றின் வழியாகக் காப்பும் நடக்கின்றன. மருந்து இரண்டையும் சேர்த்து அடைத்தது.

மருந்துகள் தோற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நோய் எதிர்ப்பியல் தன் அடிப்படையையே மாற்றிக்கொண்டது. கிருமியே இல்லாத இதயத்தில் எதிர்ப்பு அணுக்களுக்கு என்ன வேலை என்பது அதுவரை பதில் இல்லாத கேள்வி. 1994இல் பாலி மாட்சிங்கர், எதிர்ப்பு மண்டலம் தன்னது, பிறனது என்று பார்ப்பதைவிட ஆபத்து இருக்கிறதா என்றே பார்க்கிறது என்று வாதிட்டார். இயல்பாகச் சாகாமல் வெடித்துச் சாகும் செல்லின் உட்பொருட்களே ஆபத்துச் செய்தி. மாரடைப்பில் மடியும் தசைச் செல்களிலிருந்து கருப் புரதங்களும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவும் கொட்டுகின்றன. மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவாக இருந்தது. ஆகவே அதன் சிதைவுகளைக் கண்ட வெள்ளணுக்கள் பாக்டீரியா வந்துவிட்டதைப்போலக் கிளம்புவதில் வியப்பில்லை. மெச்னிகோவின் முள்ளுக்கு இந்த விளக்கம் வந்து சேர நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

வரலாற்றின் திருப்பம் 2007இல் பாஸ்டனிலிருந்து வந்தது. மத்தியாஸ் நாரென்டார்ஃப், ஃபிலிப் ஸ்விர்ஸ்கி ஆகியோரின் குழு, சுண்டெலியின் மாரடைப்புக் காயத்துக்கு மோனோசைட்டு என்னும் வெள்ளணுக்களில் இரண்டு வகை அடுத்தடுத்து வருவதைக் கண்டது. முதல் நான்கு நாள் வருபவை செரிப்பவை. செத்த திசுவைக் கரைத்து உண்கின்றன. அதன்பின் மேலோங்குபவை புதிய ரத்தக் குழாய்களையும் கொலாஜனையும் தூண்டுகின்றன. முதல் வகை குறைந்தால் குப்பை தேங்குகிறது. நீடித்தால் கட்டியதும் கரைகிறது. மல்லரியும் வைட்டும் சாயமேற்றிய கண்ணாடிகளில் பார்த்ததும் இதே வரிசைதான். ஆனால் உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் செல்களின் வேலை வேறு வேறு என்பது அந்தச் சாயத்தில் தெரிய வழியில்லை. முப்பது ஆண்டுத் தோல்விகளுக்கும் இதில் விளக்கம் இருந்தது. எந்தச் செல்லைத் தடுப்பது என்பதோடு எந்த நாளில் தடுப்பது என்பதையும் கேட்டிருக்க வேண்டும்.

அந்த மோனோசைட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடியபோது மண்ணீரல் அகப்பட்டது. பழைய சிவப்பணுக்களை வடிகட்டும் உறுப்பு என்று மட்டும் கருதப்பட்ட மண்ணீரலில், பத்தாயத்து நெல்லைப்போல மோனோசைட்டுகள் சேமித்து வைக்கப்பட்டிருப்பதை 2009இல் அதே குழு காட்டியது. மாரடைப்பு வந்த மறுநாளே அந்தச் சேமிப்பு காலியாகிறது. 2012இல் இன்னொரு உண்மை வெளிப்பட்டது. மாரடைப்பின் வலியும் பதற்றமும் பரிவு நரம்புகளைத் தூண்ட, எலும்பு மஜ்ஜையிலிருந்து மூலச் செல்கள் மண்ணீரலுக்குக் குடிபெயர்ந்து வாரக்கணக்கில் மோனோசைட்டுகளை உற்பத்தி செய்கின்றன. அவை மற்ற தமனிகளில் உள்ள கொழுப்புப் படிவங்களையும் கிளறிவிடுகின்றன. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு மறுமுறை வரும் அபாயம் கூடுவதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். 2014இல் அலபாமாவில் நடந்த சோதனை இன்னும் நேரடியானது. மாரடைப்புக்குப் பின் இதயச் செயலிழப்பு முற்றிய சுண்டெலிகளின் மண்ணீரலை அகற்றினார்கள். விரிந்த இதயம் ஓரளவு சுருங்கியது. அந்த எலிகளின் மண்ணீரல் செல்களை நலமான எலிகளுக்குள் செலுத்தினார்கள். மாரடைப்பே வராத அந்த எலிகளின் இதயம் விரியத் தொடங்கியது. இதயச் செயலிழப்பு என்னும் நோயை வெள்ளணுக்களே ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குத் தூக்கிச் செல்லக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதுவரை இல்லை.

லிம்ஃபோசைட்டு என்னும் வெள்ளணுக்களும் இதில் சேர்ந்தன. சிடி4 வகை டி செல்கள் இல்லாத சுண்டெலிகளில் காயம் சரியாக ஆறாமல் இதயம் கிழிவது கூடுகிறது என்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் குழு 2012இல் கண்டது. அங்கிருந்தே 2019இல் வந்த ஆய்வு, இதயத் தசையின் மயோசின் புரதத்தை அடையாளம் காணும் டி செல்கள் காயம் ஆறத் துணைபுரிவதைக் காட்டியது. தன் உடலுக்கு எதிரான எதிர்வினை எல்லாம் நோய் என்ற டிரெஸ்லர் காலத்துக் கருத்து இங்கே தலைகீழாகிறது.

எலியில் கண்டது மனிதரில் உண்டா என்று பார்க்கக் கிடைத்த வழிகளில் மிக நுட்பமானது செயின்ட் லூயிஸ் நகரில் கோரி லவினின் குழு கையாண்டது. பெண்ணின் இதயம் ஆணுக்குப் பொருத்தப்பட்டிருந்தால், அந்த இதயத்தில் ஒய் குரோமோசோம் உள்ள பெருவிழுங்கணு ரத்தத்திலிருந்து புதிதாக வந்தது. இல்லாதது இதயத்தோடு கூடவே வந்த பூர்விகக் குடி. 2018இல் வெளியான முடிவின்படி, சிசிஆர்2 என்ற ஏற்பி இல்லாதவை பெரும்பாலும் பூர்விகக் குடிகள், அமைதியானவை. அந்த ஏற்பி உள்ளவற்றில் பெரும்பகுதி வந்தேறிகள், அழற்சியைக் கிளப்புபவை. இதயம் செயலிழந்து இயந்திரத் துணைப் பம்பு பொருத்தப்பட்டவர்களிடம், இரண்டாம் வகை மிகுந்திருந்தால் இதயம் தேறுவது குறைவாக இருந்தது.

மருந்துச் சோதனைகள் இம்முறை முன்னைவிட எச்சரிக்கையோடு திரும்பின. முன்பே மாரடைப்பு வந்து, சி-ரியாக்டிவ் புரதம் கூடியிருந்த 10,061 பேரிடம் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் அழற்சிச் சைட்டோகைனைத் தடுக்கும் கானகினுமாப் ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்பட்டது. பால் ரிட்கர் நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2017இல் வந்தது. 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. மருந்தளவு கூடக் கூட இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது குறைந்ததும் பின்னர் தெரிந்தது. கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்துப் பெற்ற முதல் பெரிய வெற்றி இது. விலையும் இருந்தது: ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால், உயிர்பறிக்கும் தொற்று போலி மருந்துக் குழுவில் ஏறத்தாழ இருவருக்கு, மருந்துக் குழுவில் மூவருக்கு. மொத்தச் சாவு எண்ணிக்கை மாறவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதயத்துக்கான அனுமதியை 2018இல் மறுத்துவிட்டது. வர்ஜீனியாவில் 99 பேரிடம் நடந்த சிறிய சோதனையில், மாரடைப்பு வந்த உடனே இரண்டு வாரம் மட்டும், இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் அனகின்ரா மருந்தைப் பெற்றவர்களில் இதயச் செயலிழப்புக்கு ஆளானவர்கள் குறைவு. 2020இல் வந்த அந்த முடிவை உறுதிசெய்யும் அளவுக்குப் பெரிய சோதனை தேவை.

விலையுயர்ந்த ஊசிகளைவிட அதிகம் கவனம் பெற்றது கௌட் என்னும் மூட்டு நோய்க்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படும் கால்ச்சிசின் மாத்திரை. அது செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் கட்டவிடாமல் செய்து நியூட்ரோஃபில்களின் ஓட்டத்தை மட்டுப்படுத்துகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இந்த வேதிப்பொருள் உண்டு. திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள். பூவின் சூல்தண்டு மகரந்தத்துக்கு எட்டாமல் பக்கவாட்டில் வளைந்துவிடுவதால், ஆட்கள் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்க வேண்டும். காய்ந்த விதை மருந்துக்காக வெளிநாடு போகிறது. அளவு மீறினால் ஆளைக் கொல்லும் நஞ்சு இது. கிராமங்களில் தற்கொலைக்குக் கிழங்கைத் தின்று மருத்துவமனைக்கு வருபவர்கள் வழியாகவே தமிழக மருத்துவர்கள் பலருக்கு இதன் அறிமுகம்.

2019இல் கனடா தலைமையில் நடந்த சோதனையில், மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் தினம் 0.5 மில்லிகிராம் கால்ச்சிசின் தொடங்கப்பட்ட 4,745 பேரில், மருந்து பெற்றவர்களில் 5.5 சதவீதத்தினருக்கும் போலி மருந்து பெற்றவர்களில் 7.1 சதவீதத்தினருக்கும் அடுத்த இதய நிகழ்வு நேர்ந்தது. 2023இல் அமெரிக்கா இதயத்துக்காக இதை அனுமதித்தது. மறு ஆண்டே 7,062 பேரிடம் நடந்த இன்னும் பெரிய சோதனையில் 9.1க்கு 9.3 சதவீதம், சொல்லும்படி வித்தியாசமில்லை. சி-ரியாக்டிவ் புரதம் மட்டும் குறைந்திருந்தது. மாரடைப்புக்கான 2023ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் இந்த மாத்திரையை, கொடுத்துப் பார்க்கலாம் என்ற அளவிலேயே வைத்திருந்தன.

ஸ்டீராய்டும் திரும்பி வந்தது. டென்மார்க்கில் மாரடைப்பு நோயாளிகளுக்கு மருத்துவமனையை எட்டும் முன் ஆம்புலன்ஸிலேயே, 250 மில்லிகிராம் மெதில்பிரெட்னிசலோன் ஒரே ஒரு முறை செலுத்தப்பட்டது. நாட்கணக்கில் கொடுத்து வடுவைக் கெடுக்காமல், நியூட்ரோஃபில்களின் முதல் அலையை மட்டும் மட்டுப்படுத்துவது நோக்கம். 2024இல் வந்த முடிவில், மூன்று மாதம் கழித்து எம்ஆர்ஐயில் அளந்த காயத்தின் அளவு இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கேடும் விளையவில்லை. பிலடெல்பியாவில் வேறொரு பாதை திறந்திருக்கிறது: நார் படியச் செய்யும் செல்களைத் தேடி அழிக்கும்படி டி செல்களை மாற்றியமைப்பது. கோவிட் தடுப்பூசிகளைப்போல எம்ஆர்என்ஏவைக் கொழுப்புத் துளிகளில் பொதிந்து ஊசியாகப் போட்டு, உடலுக்குள்ளேயே இந்த மாற்றத்தைச் சில நாட்களுக்கு மட்டும் உண்டாக்க முடியும் என்று 2022இல் காட்டினார்கள். இதயத்தில் நார் குறைந்தது. இதயத்தின் வேலைத்திறன் கூடியது. சோதனைக்கு உட்பட்டவை சுண்டெலிகள்.